நெகட்டிவ் அயனி மெஷின் வாங்கலாமா? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஃபிளாட் ஃபிளாட்டாக ஏறி இறங்கி யாரோ இந்த மெஷினை விற்கிறார்கள் போலிருக்கிறது. அதனால் சமையல், சொத்துத் தகராறு, மகனின் காலேஜ் சீட் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் பார்த்துவிடுவோம்.

வீட்டுக்கு வந்து டெமோ காட்டிய தம்பி, அருவி பக்கத்தில் நின்றால் மனசு லேசாவதற்குக் காரணம் நெகட்டிவ் அயனிதான், அது காற்றில் இருக்கும் வைட்டமின், இந்த மெஷின் அதை வீட்டுக்குள்ளேயே கொடுக்கும் என்றார். விலை 14,000 ரூபாய். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா சார், இல்லை கதை விடுகிறார்களா?
– இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

அயனி நிஜம். வைட்டமின் என்பதுதான் கதை.

காற்றில் உள்ள ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான் ஒன்று பிய்ந்துபோனால் மிச்சமிருப்பது பாசிட்டிவ் அயனி. பிய்ந்த எலக்ட்ரான் வேறொரு மூலக்கூறில், பெரும்பாலும் ஆக்சிஜனில், போய் ஒட்டிக்கொண்டால் அது நெகட்டிவ் அயனி. ஒட்டிய கையோடு சுற்றிலும் நாலைந்து தண்ணீர் மூலக்கூறுகளையும் சேர்த்துக்கொண்டு திரியும். இதைப் பிய்த்துப்போடும் வேலையை இயற்கையே பார்க்கிறது: மண்ணிலிருந்து கசிகிற ரேடான் வாயு, மண்ணிலும் கல்லிலும் இருக்கும் லேசான கதிரியக்கம், வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள். தரைக்குப் பக்கத்துக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நொடிக்குச் சுமார் 10 ஜோடி இப்படி உருவாகின்றன என்று கணக்கு. உருவானதும் எதிர் மின்னூட்டம் உள்ள இன்னொன்றோடு சேர்ந்தோ, தூசியில் ஒட்டியோ, ஒன்றிரண்டு நிமிடத்தில் காணாமல் போய்விடும். ஆகவே எந்த நேரத்திலும் கையிருப்பு கொஞ்சம்தான். சுத்தமான வெளிக்காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் வரை. அதே இடத்தில் மொத்தக் காற்று மூலக்கூறுகள் எத்தனை தெரியுமா? 25 போட்டு அதற்குப் பின்னால் 18 பூஜ்ஜியம்.

அருவி விஷயமும் பொய்யில்லை. பிலிப் லெனார்ட் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1892இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தண்ணீர் மோதிச் சிதறும்போது சுற்றியுள்ள காற்று நெகட்டிவ் மின்னூட்டம் பெறுகிறது, அதை இன்றும் லெனார்ட் விளைவு என்றுதான் சொல்கிறார்கள். (1905இல் வேறொரு வேலைக்காக நோபல் பரிசு வாங்கியவர், பின்னாளில் ஹிட்லருக்குக் கொடிபிடித்துப் பேரைக் கெடுத்துக்கொண்டார், அது தனிக் கதை.) பெரிய அருவிகளின் அடிவாரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பல ஆயிரம், பல பத்தாயிரம் என்று அளந்திருக்கிறார்கள். குற்றாலத்தில் நின்றாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் அருவியில் அயனி இருக்கிறது, அருவியில் மனசு லேசாகிறது, ஆகவே அயனியால்தான் லேசாகிறது என்று அந்தத் தம்பி ஒரே தாவாகத் தாவுகிறாரே, அங்கேதான் பர்ஸை இறுக்கிப் பிடிக்க வேண்டும். குற்றாலத்தில் லீவு இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பார்டர் புரோட்டா இருக்கிறது. இதில் எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் ஆராய்ச்சி. அடுத்த கடிதக்காரர் அதைத்தான் கேட்கிறார்.

மனச்சோர்வுக்கு இது நல்லது என்று அமெரிக்காவில் நிரூபித்துவிட்டதாகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கிறார்கள். என் கணவர் ரிட்டயர் ஆனதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகி, பெரம்பூர்

அம்மா, நோட்டீஸில் இருப்பது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை ஆல்பர்ட் க்ரூகர் என்ற கலிபோர்னியா பல்கலைக்கழக பாக்டீரியாவியல் பேராசிரியரிடமிருந்து சூடுபிடித்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து இருபது வருடம்போல எலி, சுண்டெலி, செடி எல்லாவற்றிலும் அயனியைச் செலுத்திப் பார்த்து, நெகட்டிவ் அயனி உடம்பில் செரோட்டோனின் என்ற ரசாயனத்தின் அளவைக் குறைக்கிறது, பாசிட்டிவ் கூட்டுகிறது என்று எழுதினார். செரோட்டோனின் கூடினால் எரிச்சல் வரும் என்பது அவருடைய வாதம். இன்றைக்கு மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரைகளில் பல, மூளை நரம்புகளுக்கு இடையே செரோட்டோனின் நிறைய கிடைக்கும்படி செய்பவை. விற்கிறவர்களோ இப்போது அயனி 'செரோட்டோனினைக் கூட்டி' சந்தோஷம் தருகிறது என்கிறார்கள். மூலவர் சொன்னது குறைக்கிறது என்று, விற்பவர் சொல்வது கூட்டுகிறது என்று. இரண்டு பேரும் ஒரே மெஷினைக் காட்டுகிறார்கள்!

நோட்டீஸில் சொல்வது அநேகமாக 1995இல் வந்த ஆய்வாக இருக்கும். நியூயார்க்கில் மைக்கேல் டெர்மன், ஜியுவான் சு டெர்மன் இருவரும் செய்தது. குளிர்காலம் வந்தாலே மனச்சோர்வில் விழுகிறவர்கள் 25 பேர், காலையில் அரை மணி நேரம், 20 நாள். ஒரு பிரிவுக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 27 லட்சம் அயனி தரும் மெஷின், இன்னொரு பிரிவுக்கு வெறும் 10,000 தரும் மெஷின். யாருக்கு எது என்று சொல்லவில்லை. முதல் பிரிவில் 58 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்தன, இரண்டாவதில் 15 சதவீதம் பேருக்கு. நல்ல வித்தியாசம்தான். இதே இருவர் 1998லும் 2006லும் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் அதிக அடர்த்தி அயனிக்குப் பலன் தெரிந்தது.

2013இல் வேறு மூவர், 1957 முதல் 2012 வரை மனிதர்களிடம் நடந்த 33 ஆய்வுகளை மொத்தமாக அலசினார்கள். பதற்றம், மனநிலை, தூக்கம், உடம்பு இலகுவாக இருப்பது இவற்றில் எதிலும் நிலையான பலன் எதுவும் இல்லை. மனச்சோர்வு மதிப்பெண் மட்டும் நெகட்டிவ் அயனியில் குறைந்தது, அதுவும் மிக அதிக அடர்த்தியில்தான் தெளிவாக. ஏன் அப்படி என்பதற்கு உயிரியல் விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அந்த ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்த பலன், வெயில் குறைந்து பகல் சுருங்கிப்போகும் ஊர்களில் வரும் குளிர்காலச் சோர்வுக்கு. டிசம்பரில் நியூயார்க்கின் மிகக் குறுகிய பகல் ஒன்பதேகால் மணி நேரம். நம் சென்னையில் அதே நாளில் 11 மணி 20 நிமிடத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது. பெரம்பூரில் வெயில் போதாமல் யாருக்கும் சோர்வு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, வெயில் தாங்காமல் வந்திருக்கலாம். இன்னொன்று, அங்கே பயன்படுத்திய மெஷின் 27 லட்சம் தந்தது. உங்களிடம் விற்க வந்தது எவ்வளவு தருகிறது, எத்தனை அடி தூரத்தில் அளந்தது என்று கேட்டுப் பாருங்கள். மெஷினின் வாயருகே அளந்த எண்ணுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் முகத்துக்கு வந்து சேருவதற்கும் சம்பந்தமே இருக்காது.

சரி, உங்கள் கணவர். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களும், பேச்சு நின்றது, சாப்பாடு இறங்காதது, விடியலுக்கு முன்பே தூக்கம் கலைவது, சாதாரண ரிட்டயர்மென்ட் சலிப்பு மாதிரி எனக்குத் தோன்றவில்லை. நான் டாக்டர் இல்லை, ஆனால் டாக்டர் பார்க்க வேண்டிய அடையாளங்கள் இவை என்பது தெரியும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1794இல் தொடங்கி இப்போது கீழ்ப்பாக்கத்தில் நடக்கும் மனநலக் காப்பகம் இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம்' என்றாலே கேலி செய்த காலம் மலையேறிவிட்டது, வெளிநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு எண், காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் கூப்பிட்டு எப்படிக் கூட்டிப் போவது என்று கேளுங்கள். சாகலாம் போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால், அன்றைக்கே. அந்த 14,000 ரூபாய் பத்திரமாக இருக்கட்டும், ஆட்டோவுக்காவது ஆகும்.

சாயங்காலம் கடற்கரையோரம் நடந்துவிட்டு வந்தால் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கடல் அலையில் நெகட்டிவ் அயனி கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதனாலா?
– ஆட்டோ ஓட்டுநர், திருவொற்றியூர்

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது அண்ணே, ஏனென்றால் பதில் வாட்ஸ்அப்புக்கு நேர் எதிராக இருக்கிறது.

லெனார்ட் சொன்னது நல்ல தண்ணீருக்கு. உப்பு சேர்ந்தால் விளைவு மாறிவிடும் என்பதை அவரே கவனித்திருக்கிறார். டங்கன் பிளான்சார்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களில் கடல் நுரையை ஆராய்ந்து, அலை உடைந்து நுரைக்குமிழிகள் வெடிக்கும்போது காற்றுக்குப் போய்ச் சேருவது பாசிட்டிவ் மின்னூட்டம் என்று எழுதினார். கடல்மேல் ரேடானும் கம்மி, மண் இல்லையே. ஆகவே நடுக்கடலில் அயனி உருவாவதே நிலத்தைவிடக் குறைவு. காற்று சுத்தமாக இருப்பதால் உருவான கொஞ்சம் சற்று நேரம் அதிகமாகப் பிழைத்திருக்கும், அவ்வளவுதான். அதுவும் கரை சுத்தமாக இருந்தால். நம் பக்கம் கரை எது? துறைமுகம் வந்து மணலை அடித்துக்கொண்டு போனதில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பாதி இடத்தில் கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது, அதை ஒட்டியே கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிறது. அயனி தூசியையும் புகையையும் பார்த்தால் உடனே போய் ஒட்டிக்கொள்ளும் சாதி. லாரிப் புகைக்கு நடுவே அது எத்தனை நேரம் உயிரோடு இருக்கும்?

அப்படியானால் உங்கள் நிம்மதி பொய்யா? அது எப்படிப் பொய்யாகும். காலையிலிருந்து சீட்டில் உட்கார்ந்து ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு, கால் நீட்டி நடக்கிறீர்கள், முகத்தில் கடல் காற்று அடிக்கிறது, வியர்வை காய்கிறது, கண்ணுக்குத் தூரம் தெரிகிறது, சவாரி போன் வரவில்லை. நடப்பது மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் நல்லது என்பதற்கு அயனியைவிடப் பல மடங்கு ஆதாரம் இருக்கிறது. காரணத்தின் பேர் எதுவாக இருந்தால் என்ன, நடையை விடாதீர்கள். லாரி குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் கடல் காற்று திரும்புவதற்கு முன்னால் மேற்கே இருந்து அனல் அடிக்கும்போது வீட்டில் எல்லோருக்கும் சண்டை வருகிறது. இது பாசிட்டிவ் அயனியா?
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

இஸ்ரேலில் பாலைவனத்திலிருந்து அடிக்கும் ஷரவ் என்ற அனல் காற்றைப் பற்றி ஃபெலிக்ஸ் சுல்மான் என்ற ஜெருசலேம் பேராசிரியர் 1970களில் இதையேதான் சொன்னார், பாசிட்டிவ் அயனி கூடி செரோட்டோனின் ஏறி ஆட்களுக்கு எரிச்சல் வருகிறது என்று. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் 2013 அலசலில் பாசிட்டிவ் அயனி மனநிலையைக் கெடுக்கிறது என்பதற்கும் நிலையான ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மதியம் ஒரு மணிக்கு, 40 டிகிரியில், ராத்திரி தூக்கமில்லாமல் நாலு பேர் ஒரே ஃபேனுக்கு அடியில் இருந்தால் சண்டை வராமல் வேறென்ன வரும்? இதற்கு அயனியைக் கூப்பிட வேண்டாம். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயின்ட்டோ அடித்தால் உள்ளே சூடு நன்றாகவே குறையும், சண்டையும் குறைந்தால் எழுதுங்கள்.

எங்கள் பக்கம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் கருப்பாகிறது, சில ராத்திரி மூக்கைத் துளைக்கும் நாற்றம். பையனுக்கு வீசிங். அயனி மெஷின் வைத்தால் தூசி கீழே விழுந்துவிடும், புகை நாற்றமும் போய்விடும் என்கிறார்கள். இதற்காவது உதவுமா?
– தாய், எண்ணூர்

இந்தக் கடிதத்துக்குத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கியிருக்க வேண்டும்.

மற்றவர்கள் மனசுக்காகக் கேட்கிறார்கள், நீங்கள் மூச்சுக்காகக் கேட்கிறீர்கள். மெஷின் என்ன செய்கிறது என்று பாருங்கள். உள்ளே ஒரு ஊசிமுனை அல்லது கார்பன் பிரஷ், அதற்குச் சில ஆயிரம் வோல்ட். முனையிலிருந்து எலக்ட்ரான் தெறித்து அயனியாகிறது. அயனி தூசியில் ஒட்டுகிறது, மின்னூட்டம் ஏறிய தூசி பக்கத்துச் சுவர், திரை, டிவி, உங்கள் சட்டை என்று எது கிடைக்கிறதோ அதில் போய் ஒட்டுகிறது. காற்றில் தூசி குறையும், உண்மைதான். மெஷின் வைத்த இடத்தைச் சுற்றிச் சுவர் கறுக்கும், அதைக் காட்டியே 'பாருங்கள், எவ்வளவு அழுக்கு எடுத்திருக்கிறது' என்று அடுத்த வீட்டில் விற்றுவிடுவார்கள். ஆனால் தூசி வீட்டை விட்டுப் போகவில்லை, பெருக்கிய குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளிய மாதிரிதான். பையன் சுவரில் சாய்ந்தாலோ நீங்கள் திரையை உதறினாலோ திரும்பக் காற்றுக்கு வரும்.

வீசிங் இருக்கிற பையன் என்பதால் இரண்டு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, ஆஸ்துமாவுக்கு அயனி மெஷின் உதவுமா என்று நடந்த சோதனைகளை காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்துப் பார்த்தது. நுரையீரல் திறனிலோ அறிகுறியிலோ குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை. பெய்ஜிங்கில் பள்ளிக்கூட வகுப்பறைகளில் வைத்துப் பார்த்த 2019 ஆய்வில் தூசி குறைந்து பிள்ளைகளின் மூச்சு கொஞ்சம் மேம்பட்டது, ஆனால் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கத்தில் நல்லதல்லாத மாற்றம் தெரிந்தது. இரண்டாவது, ஓசோன். உயர் மின்னழுத்தத்தில் ஆக்சிஜனை உடைத்தால் ஓசோனும் கூடவே வரும். ஜெராக்ஸ் கடையில் மூக்கில் ஏறுமே, அந்த வாசனை. வானத்தில் மேலே இருந்தால் காவல், மூச்சோடு உள்ளே போனால் மூச்சுக்குழலுக்கு எரிச்சல், வீசிங் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். கலிபோர்னியாவில் வீட்டு மெஷினிலிருந்து வரும் ஓசோன் 10 லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் இருந்தால் விற்கவே முடியாது என்று சட்டம். உங்களிடம் வந்தவரிடம் ஓசோன் அளவுச் சான்று கேளுங்கள், முகம் போகிற போக்கைப் பாருங்கள். எலுமிச்சை வாசனையோடு தரை துடைக்கிற திரவம் போட்ட அறையில் ஓசோன் சேர்ந்தால் அது ஃபார்மால்டிஹைடாகவும் மிக நுண்ணிய துகளாகவும் மாறும், அதையும் சொல்லிவைக்கிறேன். "புத்துணர்ச்சியான வாசனை வருகிறது பாருங்கள்" என்று டெமோவில் சொன்னால், அந்த வாசனையே வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

நாற்றம் வேறு கதை. அது வாயு, தூசி இல்லை. கந்தக டை ஆக்சைடையோ அம்மோனியாவையோ அயனி ஒன்றும் செய்யாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்களே, அன்றைக்கு வீட்டுக்கு வீடு இந்த மெஷின் இருந்திருந்தாலும் ஓடத்தான் வேண்டியிருந்திருக்கும். அதே மாதம்தான் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் ஆற்றில் கலந்தது.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், அயனி இல்லாத, வெறும் ஹெப்பா ஃபில்டரும் ஃபேனும் உள்ள ஏர் ப்யூரிஃபையர் வாங்குங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிப்பதுதான் அசல் ஹெப்பா. 'ஹெப்பா டைப்' என்று எழுதியிருந்தால் நழுவல். பையன் தூங்குகிற ஒரே ஒரு அறையில், சன்னலை மூடி வைத்து, ராத்திரி மட்டும் ஓட்டினால் போதும். அறையின் அளவுக்கு ஏற்ற மெஷினா என்று பெட்டியில் இருக்கும் சி.ஏ.டி.ஆர். எண்ணை, அதாவது மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தரும் என்ற கணக்கை, கேளுங்கள். எண்ணூர்த் தூசிக்கு ஃபில்டர் சீக்கிரம் கறுக்கும், அது வருஷா வருஷம் வரும் செலவு, விற்கும்போது சொல்ல மாட்டார்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை இதை வாங்கிவிட்டோம் என்று நிறுத்திவிடாதீர்கள்.

பெட்டியால் தீராததும் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் ராயபுரம் வீடுகளில் இட்லித் தட்டு வரை கரி படிந்தது. ஜனங்கள் வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, 2011 அக்டோபரிலிருந்து அந்தச் சரக்கு நின்றது. நிலக்கரி எங்கே போனது? உங்கள் எண்ணூருக்கு வந்தது. அது எனக்கு ஆத்திரம் வரவைக்கிற விஷயம், ஆனால் புகார் வேலை செய்யும் என்பதற்கும் அதுதான் சாட்சி. நாற்றம் வந்த நேரம், தேதி, காற்றடித்த திசை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், தெருவில் நாலு பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தேதி நேரத்தோடு போகிற புகாரை 'பொதுவாகக் குறை சொல்கிறார்கள்' என்று ஒதுக்க முடியாது. மணலி, கொடுங்கையூர், ராயபுரம் கண்காணிப்பு நிலையங்களின் அளவுகளை மத்திய வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் பார்க்கலாம். பி.எம். 2.5 என்ற நுண்துகளுக்கு நம் நாட்டு ஒருநாள் வரம்பு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கழுத்தில் போடும் நெகட்டிவ் அயனி பென்டன்ட் என் மச்சான் செயின் பிசினஸில் விற்கிறான். கரன்ட்டே வேண்டாமாம், ஆயுசுக்கும் அயனி வருமாம். அது எப்படி?
– வாசகர், கொருக்குப்பேட்டை

கரன்ட் இல்லாமல், பேட்டரி இல்லாமல், ஆயுசுக்கும் காற்றை அயனியாக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. கதிரியக்கம். விளையாட்டில்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

இந்த மாதிரிச் சரக்குகளில் கலக்கும் 'அயனிப் பொடி'யில் மோனசைட் தூள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மோனசைட் நமக்குப் புதிதில்லை, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறதே, தோரியம் உள்ள தாது, அதேதான். தோரியம் சிதையும்போது வரும் கதிர் காற்றை அயனியாக்கும், மச்சான் டெமோவில் காட்டுகிற மீட்டரில் எண் ஏறும், பக்கத்தில் உங்கள் தோலும் இருக்கும். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 10 பொருள்களின் பட்டியலைப் போட்டு, போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், பத்திரமாக மூடி வையுங்கள் என்று எச்சரித்தது. அதில் தூங்கும்போது கட்டும் கண்பட்டையும் சின்னக் குழந்தைக்கான கைவளையும்கூட இருந்தன. நாள் முழுக்க, வருஷக்கணக்கில் தோலோடு ஒட்டி இருந்தால் பாதிக்கலாம் என்பதுதான் கவலை.

பென்டன்டில் கதிரியக்கம் இல்லை என்றால் அயனியும் இல்லை, அப்போது வெறும் கல். அமெரிக்காவில் 'அயனியேற்றிய' கைவளை என்று கியூ-ரே வளையல் விற்றவர்கள்மேல் அங்குள்ள வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2006இல் நீதிமன்றம் ஏமாற்று விளம்பரம் என்று தீர்ப்புச் சொன்னது, 2008இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. மச்சானோடு உறவு கெடக் கூடாது என்றால் காதுகுத்துக்கு மொய் வையுங்கள், இதை வாங்காதீர்கள்.

இமயமலை உப்பு விளக்கு?
– பழைய வண்ணாரப்பேட்டை

அழகான விளக்கு. உப்பு உருகவே 801 டிகிரி வேண்டும், உள்ளே இருக்கிற பல்புச் சூட்டில் அயனியெல்லாம் கிளம்பாது. வண்ணாரப்பேட்டை ஈரக் காற்றுக்கு அடியில் தண்ணீர் கட்டும், கீழே ஒரு தட்டு வையுங்கள்.

ராத்திரி கொசுவத்திச் சுருள் வைத்துவிட்டு, அந்தப் புகைக்காகப் பக்கத்திலேயே அயனி மெஷினும் ஓட்டுகிறோம். சரிதானே?
– வாசகர், கொடுங்கையூர்

சரியில்லை. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. குப்பைமேட்டுப் புகை உங்கள் கையில் இல்லை, சுருள் உங்கள் கையில் இருக்கிறது. கொசுவலை கட்டுங்கள். கட்டிலுக்கு இடமில்லை என்றால் சன்னலுக்கு வலை அடியுங்கள், அந்த மெஷின் விலையில் கால்வாசிகூட ஆகாது.

நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன் சார். இப்போது என்ன செய்வது?
– வாசகர், மணலி புதுநகர்

முதலில் மெஷினைத் திருப்பிப் பாருங்கள். ஃபில்டரும் ஃபேனும் இருந்து, கூடவே அயனி என்று தனி பட்டன் இருந்தால், அந்த பட்டனை அணைத்துவிட்டு மற்றதை ஓட்டுங்கள், உங்கள் காசு முழுக்க வீணாகவில்லை. ஃபில்டர் இல்லை, வெறும் ஊசிமுனைதான் என்றால், குழந்தையோ வீசிங் உள்ளவரோ தூங்கும் அறையில் வைக்காதீர்கள்.

பில் இருக்கிறதா? நோட்டீஸில் 'மனச்சோர்வு குணமாகும்', 'ஆஸ்துமா குணமாகும்' என்று அச்சடித்திருக்கிறார்களா? இருந்தால் அதையும் எறியாமல் வைத்துக்கொண்டு 1915க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். விற்றவருக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதி, படித்துவிட்டார் என்று நீலக் குறி விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அப்புறம் கூப்பிட்டால் பேச்சு சுலபமாக இருக்கும். பில்லே தரவில்லை என்றால் ஜிபே கணக்கில் போன பணத்தின் விவரமும் ஆதாரம்தான்.